மணல் எழுத்தும் மழலையர் வகுப்பும்

மூன்று வயது நிரம்பியதும் குழந்தையை நர்சரி வகுப்பில் சேர்த்துவிட வேண்டும் என்பது இன்று நம் குடும்பங்களில் எழுதாச் சட்டமாகிவிட்டது. மேலப்பாளையத்திலும் பேட்டையிலும், மேற்கே கடையநல்லூரிலும், கிழக்கே காயல்பட்டினத்திலும் காலை வேளையில் இக்காட்சியைக் காணாத தெருவில்லை. இவ்வகுப்பு மேல்நாட்டார் நமக்குக் கொண்டுவந்து தந்த புதுமை என்றும், அதற்குமுன் நம் மழலைகளுக்கென ஒரு கல்விமுறை இருந்ததில்லை என்றும் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் பாதி உண்மையே. மீதிப் பாதியை வரலாறு வேறுவிதமாகச் சொல்கிறது. அதனை நம் பெற்றோர் அறிந்துகொள்வது, தம் பிள்ளைகளின் பொருட்டு அவசியம் என நாம் கருதுகிறோம்.

அண்ணாவியும் மணற்பரப்பும்

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணியின் இரு கரைகளிலும், தமிழகத்தின் பிற பகுதிகளைப் போலவே, திண்ணைப் பள்ளிக்கூடங்கள் நெடுங்காலம் நடந்துவந்தன. ஐந்து வயதை ஒட்டிய சிறுவன் அண்ணாவியிடம் ஒப்படைக்கப்பட்டான். அவனுக்குக் கிடைத்த முதல் ஏடு பனையோலையன்று, மணலே. தரையில் பரப்பிய மணலில் அண்ணாவி ஓர் எழுத்தை எழுதிக் காட்டுவார். சிறுவன் அதன்மேல் தன் விரலை ஓட்டி, அவ்வெழுத்தின் ஒலியை உரக்கச் சொல்வான். விரலும் கண்ணும் நாவும் செவியும் ஒரே சமயத்தில் ஓர் எழுத்தைக் கற்றன. பிழை நேர்ந்தால் உள்ளங்கையால் தடவினால் போதும், மணல் மறுபடியும் வெறும் மணலாகிவிடும். எழுத்துகள் விரலுக்குப் பழகிய பின்னரே எழுத்தாணியும் ஓலையும் கைக்கு வந்தன. எண்சுவடி வாய்ப்பாடுகளைப் பிள்ளைகள் கூட்டமாகச் சொன்னார்கள். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான்.

இப்பள்ளிகள் எத்துணைப் பரவியிருந்தன என்பதற்கு அரசாங்கச் சான்றே உண்டு. சென்னை மாகாணக் கவர்னராயிருந்த சர் தாமஸ் மன்றோ 1822இல் கலெக்டர்கள் அனைவரிடமும் கல்விநிலை பற்றிய விவரம் கேட்டார். அவ்விவரங்களைத் தொகுத்து 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி, ஏறத்தாழ 1 கோடியே 28 இலட்சம் மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. அதாவது ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. ஐந்து முதல் பத்து வயதுவரை பள்ளிப் பருவம் எனக்கொண்டு, அப்பருவத்து ஆண்பிள்ளைகளில் நாலில் ஒருவர் பள்ளியில் பயின்றனர் என்று அவர் கணித்தார். வீட்டிலேயே கற்றவர்களையும் சேர்த்தால் அது மூன்றில் ஒருவரை நெருங்கும் என்பது அவர் கருத்து.

எனினும் பழமை என்பதற்காகவே அனைத்தையும் போற்றிவிடலாகாது. அத்திண்ணைகளில் பெண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இடமில்லை. ஒடுக்கப்பட்ட சமூகத்தாரின் பிள்ளைகளுக்கு வாயிலே திறக்கவில்லை. பிரம்பும் கோதண்டமும் அங்கே கொடுமையாக ஆண்டன. இவற்றை மறைத்து எழுதுவது வரலாறாகாது.

ஓதும் பள்ளி

நம் சமூகத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு திண்ணையும் இருந்தது. அதுவே ஓதும் பள்ளி. பள்ளிவாசலின் ஓரத்திலோ, லெப்பையின் இல்லத்திலோ, ஓதிக்கொடுக்கும் மூதாட்டியின் முற்றத்திலோ அது கூடியது. இந்த ஆற்றங்கரைக் கோரையில் பத்தமடைப் பெண்கள் நெய்யும் பாய் உலகப் புகழ் பெற்றது. அத்தகைய கோரைப்பாயே நம் பிள்ளைகளின் முதல் வகுப்பறை எனலாம். இஸ்லாமிய உலகெங்கும் வழங்கியது மரப்பலகை. அதில் மையால் எழுதி, ஓதி முடித்தபின் கழுவி, மறுபாடம் எழுதுவார்கள். மணலுக்கும் பலகைக்கும் பொருளில் வேறுபாடு உண்டு, நோக்கத்தில் இல்லை. அழித்து எழுத இடந்தருவதே இரண்டின் சிறப்பும்.

ஓதும் பள்ளியின் பாட ஒழுங்கைச் சற்றே உற்றுநோக்குவோம். முதலில் தனியெழுத்து. அடுத்து 'அலிஃப் ஜபர் அ, அலிஃப் ஜேர் இ, அலிஃப் பேஷ் உ' என்னும் உயிர்க்குறிப் பயிற்சி. ஜபர், ஜேர், பேஷ் என்பவை பாரசீகப் பெயர்கள். அரபியில் அவற்றை ஃபத்ஹா, கஸ்ரா, ளம்மா என்பர். எனவே வீட்டில் தமிழ் பேசும் நெல்லைச் சிறுவன், பாரசீகப் பெயரைச் சொல்லி அரபெழுத்தைக் கூட்டி ஓதினான். மூன்று மொழிகளின் வாடை அவன் மழலையிலேயே கலந்தது. எழுத்துக்கூட்டப் பழகியபின் திருமறையின் கடைசிப் பகுதியாகிய அம்ம ஜுஸ்உ. அதிலும் இறுதியிலுள்ள மிகச் சிறிய அத்தியாயங்களிலிருந்து தொடங்கி, பின்னோக்கிப் பெரியவற்றுக்குச் செல்வர். சிறியதிலிருந்து பெரியதற்கு என்னும் கல்வி விதியை அப்பெரியோர்கள் நூலாக எழுதிவைக்கவில்லை, நடைமுறையாக வைத்திருந்தனர்.

இதன் பெரும்பயன் அரபுத்தமிழால் விளைந்தது. அரபியின் 28 எழுத்துகளோடு, ட, ண, ள, ழ போன்ற தமிழ் ஒலிகளுக்காகப் புள்ளிகளும் குறிகளும் இட்டுப் படைத்த 12 எழுத்துகளைச் சேர்த்து 40 எழுத்துகளாக அது வழங்கியது. ஓதக் கற்ற பிள்ளை சிறிது முயன்றால் தன் தாய்மொழியையும் அதே எழுத்தில் படித்துவிடலாம். திண்ணைப் பள்ளிக்குப் போகாத நம் பாட்டிமார் பலர் இவ்வழியாகவே வாசிக்கக் கற்றனர். காயல்பட்டினத்தில் 1816இல் பிறந்து, கீழக்கரையில் வாழ்ந்து 1898இல் மறைந்த இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் 'மகானீ', 'ஃபத்ஹுத் தய்யான்' முதலிய மார்க்கச் சட்ட நூல்களை அரபுத்தமிழில் இயற்றியது, இத்தகைய வாசகர்கள் வீடுதோறும் இருந்தமையாலன்றோ!

கடல் கடந்த மணல்

இனி நாம் சொல்லப்போவது நேயர்களுக்கு வியப்பளிக்கலாம். ஸ்காத்லாந்தில் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1787இல் சென்னைக்கு வந்தார். 1789இல் எழும்பூரிலிருந்த இராணுவ அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். ஆசிரியர்களோ குறைவு, அக்கறையும் குறைவு. ஒருநாள் குதிரைமீது செல்கையில், உள்ளூர்ப் பள்ளியொன்றில் சிறுவர்கள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதக் கண்டார். அம்முறையைத் தம் இல்லத்தில் புகுத்த விரும்பினார். ஆசிரியர்கள் இசையவில்லை. எனவே ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயது மாணவனைக்கொண்டே இளைய பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் செய்தார். அது வெற்றி கண்டது. மணலும் சட்டாம்பிள்ளையும் ஆங்கில உடையணிந்து நின்ற கதை இதுதான்.

பெல் தாயகம் திரும்பி 1797இல் இதனைச் சிறுநூலாக வெளியிட்டார். மறு ஆண்டில் ஜோசப் லங்காஸ்டர் இலண்டனில் ஏழைச் சிறுவர்க்குப் பள்ளி தொடங்கி இவ்வகை முறையையே கையாண்டார். 1811இல் நிறுவப்பட்ட தேசியக் கல்விச் சங்கம் பெல்லின் முறையை இங்கிலாந்து முழுதும் பரப்பிற்று. அப்பள்ளிகளில் கடைக்குட்டி வகுப்பினர் மணல் பரப்பிய மேசையின்முன் அமர்ந்து விரலால் எழுதினர். அம்முறைக்கு வழங்கிய பெயரே 'சென்னை முறை' என்பதாகும்.

பின்னர் ஜெர்மனியில் ஃபுரோபெல் 1837இல் சிறுவர் நிலையம் தொடங்கி, 1840இல் அதற்குக் 'கிண்டர்கார்டன்', அதாவது குழந்தைகளின் தோட்டம் எனப் பெயரிட்டார். விளையாட்டே மழலையின் கல்வி என்பது அவர் கொள்கை. 1907இல் ரோம் நகரில் 'குழந்தைகள் இல்லம்' திறந்த மரியா மொண்டிசோரி அம்மையார், சொரசொரப்பான மணற்தாளில் எழுத்துகளை வெட்டி ஒட்டி, அவற்றின்மேல் குழந்தைகளின் விரலை ஓட்டச் செய்து, ஒலியையும் சொல்லவைத்தார். நம் அண்ணாவியை அவர் அறிந்திருந்தார் என்று நாம் சொல்லவரவில்லை. ஆனால் குழந்தையைக் கூர்ந்து நோக்குவோர் எந்நாட்டவராயினும் ஒரே இடத்துக்கு வந்துசேர்கின்றனர் என்பது இதனால் விளங்கும். அவ்வம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார்.

முன்னோர் எழுப்பிய வினா

மழலைக்கு எதனை முதலில் கற்பிப்பது என்ற வினாவும் நமக்குப் புதிதன்று. அல்லாமா இப்னு கல்தூன் 1377இல் எழுதிய 'முகத்திமா'வில் இதனை விரிவாக ஆராய்கிறார். மொராக்கோ நாட்டார் திருமறையை மட்டும் கற்பித்தனர், ஸ்பெயின் நாட்டார் அதனோடு கவிதை, மொழி, கையெழுத்து ஆகியவற்றையும் சேர்த்தனர் என்று ஒப்பிடுகிறார். முதலில் மொழியும் கணிதமும், பின்னர் திருமறையும் என்று காஸி அபூபக்ர் இப்னுல் அரபீ வகுத்த திட்டத்தை அவர் நல்லதென்றே பாராட்டுகிறார். ஆயினும், பெற்றோர் சொல்லுக்கு அடங்கும் இளம்பருவம் கடந்துவிட்டால் பிள்ளை ஓதாமலே போய்விடக்கூடும் என்னும் அச்சத்தால் மக்கள் பழைய வழக்கத்தை விடவில்லை என்கிறார். கடுமை காட்டிக் கற்பித்தால் பிள்ளையின் ஊக்கம் குன்றும், பொய்யும் சூதும் அவனிடம் குடியேறும் என்றும் அவர் எச்சரிக்கிறார். அவருக்கு முன்பே, 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், ஓதி முடித்த பிள்ளையை விளையாட விடவேண்டும், தடுத்தால் அவன் உள்ளம் மடிந்து அறிவு மழுங்கும் என்று 'இஹ்யா'வில் வலியுறுத்தியுள்ளார்கள். மகனைக் காலை முதல் இரவுவரை பாடத்தில் பூட்டிவைக்கும் தந்தையர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

இன்று நடப்பது என்ன?

குழந்தை நலத்துக்காக இந்நூற்றாண்டிலும் சென்ற நூற்றாண்டிலும் நடந்த நற்பணிகளை நாம் மறுக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவளிக்கும் திட்டத்தைக் காமராசர் 1956இல் தொடங்கியது, உமறுப் புலவர் அடங்கியிருக்கும் எட்டயபுரத்தில்தான். அன்று அது நெல்லை மாவட்டத்தைச் சேர்ந்தது. 1975இல் வந்த ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் அங்கன்வாடிகளைத் தந்தது. 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் இரண்டு வயது மழலைக்கும் சோறிட்டது. திண்ணை திறக்காத கதவுகளை இவை திறந்தன.

ஆனால் கட்டணம் வாங்கும் நர்சரி வகுப்புகள் பலவற்றில் நடப்பது வேறு. ஃபுரோபெல்லின் தோட்டமும் அங்கில்லை, அண்ணாவியின் மணலும் அங்கில்லை. மூன்று வயதுக் கையில் பென்சிலைத் திணித்து, நாலு வரி நோட்டில் வீட்டுப்பாடம் எழுதச் சொல்கின்றனர். மணிக்கட்டிலுள்ள எட்டுச் சிற்றெலும்புகளும் பிறக்கும்போது வெறும் குருத்தெலும்பே. அவை ஒவ்வொன்றாக இறுகி முடியப் பல்லாண்டுகள் ஆகும். இளங்கைக்கு முதலில் மணலையும் பின்னரே எழுத்தாணியையும் கொடுத்த முன்னோர் மருத்துவம் படித்தவர்களல்லர். ஆயினும் பிள்ளையின் கையைப் பார்த்தவர்கள்.

மொழியிலும் இதே நிலை. வீட்டில் வாப்பா, உம்மா என்று வாய் நிறையப் பேசும் குழந்தை, வகுப்பில் பொருள் விளங்காத ஆங்கிலப் பாட்டை ஒப்பிக்கிறது. ஓதும் பள்ளியில் பொருளறியாமல் ஒப்பிக்கிறார்கள் என்று நம்மைக் குறைகூறியவர்கள், இந்த ஒப்பித்தலுக்குப் பணம் கட்டுகிறார்கள். இக்குறைகூறலில் நியாயம் இருந்ததென்றால், அது இரண்டிடத்துக்கும் பொருந்தும். காலை நர்சரி, மாலை வீட்டுப்பாடம், இடையே மக்தப் எனக் களைத்துவரும் குழந்தை, எதனையும் விருப்போடு கற்பதில்லை. முதற்பாடத்திலேயே கல்வியின்மேல் வெறுப்பு விழுமானால், பின்னர் எந்தக் கல்லூரியும் அதனைக் களைய இயலாது.

ஆகவே நம் பெற்றோர்களும் மஹல்லா ஜமாஅத்தினரும் சில செய்யலாம். மழலையைச் சேர்க்குமுன், எத்தனை பக்கம் எழுதவைப்பீர்கள் என்று கேளாமல், எவ்வளவு நேரம் விளையாடவிடுவீர்கள் என்று ஆசிரியையிடம் கேட்கலாம். மக்தபில் ஐந்து வயதுக்குட்பட்டோர்க்குப் பாடம் அரைமணி நேரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளலாம், பிரம்பை அறவே விலக்கலாம். வீட்டில் ஒரு தட்டில் மணலைப் பரப்பி, தாயோ பாட்டியோ 'அ'வையும் 'அலிஃபை'யும் எழுதிக் காட்டலாம். பல்லாங்குழி முன்னே அமர்த்தினால் எண்ணிக்கை தானே வரும். இதற்குச் செலவு ஒரு காசுமில்லை.

நம் மண்ணில் தோன்றிய ஒரு முறையை அந்நியர் குதிரைமீதிருந்தே கண்டுகொண்டு, தம் நாட்டுப் பிள்ளைகளுக்கு எடுத்துச்சென்றார். நம் வாயிற்படியில் கிடக்கும் அதனை, நம் பிள்ளைகளுக்காக நாம் குனிந்து எடுக்கத் தயங்கலாமா?