உணவுக் குறிப்பேடு

ஒருவர் உண்பதையும் பருகுவதையும் நேரத்தோடும் அளவோடும் அன்றன்றே எழுதிவைக்கும் பதிவுக்கு உணவுக் குறிப்பேடு என்று பெயர். காலை இட்லியிலிருந்து படுக்கப்போகும் முன் குடிக்கும் பால் வரை எதுவும் இதில் விடுபடக் கூடாது. எடை குறைக்க விரும்புகிறவர்கள், சர்க்கரை நோயாளிகள், விளையாட்டு வீரர்கள், ஒவ்வாமைக்குக் காரணம் தேடும் மருத்துவர்கள், ஒரு நாட்டின் ஊட்டச்சத்து நிலையை அளக்கும் ஆய்வாளர்கள் எனப் பலருக்கும் இது பயன்படுகிறது. நோட்டுப் புத்தகமாக இருந்தது இன்று பெரும்பாலும் கைபேசிச் செயலியாகிவிட்டது. ஆனால் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் சாப்பிட்டதைவிடக் குறைவாகவே கணக்குக் காட்டுகிறார்கள் என்ற சிக்கல் அப்படியேதான் இருக்கிறது.

வரலாறு

இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரத்து ஓவியர் யாக்கோப்போ பொந்தோர்மோ 1554 முதல் 1556 வரை எழுதிய நாட்குறிப்பு இவ்வகைப் பழம்பதிவுகளில் புகழ்பெற்றது. அப்போது அவர் சான் லொரென்சோ தேவாலயத்தில் சுவரோவியம் தீட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு வரைந்தது கையா, தலையா என்று ஒரு வரி இருக்கும். பக்க ஓரத்தில் அதன் சின்னஞ்சிறு கோட்டுப்படம் இருக்கும். கூடவே இரவுச் சாப்பாடும் வந்துவிடும்: எத்தனை அவுன்ஸ் ரொட்டி, என்ன முட்டை, என்ன கீரை, யார் வீட்டில் விருந்து, வயிறு என்ன சொன்னது. சுவரோவியம் 18ஆம் நூற்றாண்டில் அழிந்துவிட்டது. சாப்பாட்டுக் கணக்கு பிழைத்துக்கொண்டது.

அதே காலத்தில் பதுவா நகரில் வாழ்ந்த அல்வீசே கொர்னாரோ, நாளுக்கு 12 அவுன்ஸ் உணவு, 14 அவுன்ஸ் திராட்சை மது என்று தனக்கு வரம்பு கட்டிக்கொண்டதை நூலாகவே எழுதினார். அதே பதுவாவில் மருத்துவப் பேராசிரியராக இருந்த சாந்தோரியோ சாந்தோரியோ இன்னும் ஒரு படி மேலே போனார். துலாக்கோலில் தொங்கவிட்ட நாற்காலியில் உட்கார்ந்து தன் எடை, உணவின் எடை, கழிவின் எடை எல்லாவற்றையும் பல்லாண்டுகள் குறித்துவந்தார். உள்ளே போவதில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத வியர்வையாக வெளியேறுகிறது என்ற தன் முடிவை 1614இல் வெளியிட்டார்.

எடைக் கணக்கு கலோரிக் கணக்காக மாறியது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில். அமெரிக்க வேதியியலாளர் வில்பர் அட்வாட்டர் நூற்றுக்கணக்கான உணவுப் பொருள்களை ஆராய்ந்தார். ஒரு கிராம் புரதத்துக்கும் மாவுச்சத்துக்கும் 4 கலோரி, கொழுப்புக்கு 9 கலோரி என அவர் வகுத்த கணக்கைத்தான் இன்றைய செயலிகளும் பின்பற்றுகின்றன. ஆய்வகத்திலிருந்த கலோரியைச் சமையலறைக்குக் கொண்டுவந்தவர் லூலு ஹன்ட் பீட்டர்ஸ் என்ற பெண் மருத்துவர். உணவைத் துண்டு, கரண்டி என்று எண்ணாமல் கலோரியாக எண்ணச் சொன்ன அவருடைய 1918ஆம் ஆண்டு நூல், அடுத்த பத்தாண்டில் அமெரிக்காவில் விற்பனையில் முன்னணியில் நின்றது.

இங்கிலாந்தில் எல்சி விட்டோசன் 1930களில் தனித்தனி ஆட்களின் உணவை எடைபோட்டுப் பதியும் முறையை வளர்த்தார். அதுவரை குடும்பத்துக்கு மொத்தமாக வாங்கிய பொருளைத் தலைக்கு இவ்வளவு என்று வகுப்பதே வழக்கம். ஒரே வயது, ஒரே வகை வேலை உள்ள இருவரில் ஒருவர் மற்றவரைப்போல இரு மடங்கு உண்பதும் உண்டு என்பது அவருடைய பதிவுகளால் தெரியவந்தது.

முறைகள்

எடைப் பதிவு, மதிப்பீட்டுப் பதிவு, 24 மணிநேர நினைவுகூரல், எத்தனை தடவை உண்கிறார் என்று கேட்கும் வினாப்பட்டியல் என நான்கு முறைகள் வழக்கில் உள்ளன. முதலாவதில் தட்டில் விழுவது ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்த வேண்டும். இரண்டாவதில் கரண்டி, டம்ளர், கிண்ணக் கணக்குப் போதும். மூன்றாவதில் நேற்று எழுந்தது முதல் உண்டவற்றை ஆய்வாளர் கேட்டு எழுதிக்கொள்வார். நான்காவது, குறிப்பிட்ட உணவை மாதம் எத்தனை முறை உண்கிறீர்கள் என்று விசாரிப்பது. சென்னையில் சர்க்கரை நோய் ஆய்வுக்காக உருவான பட்டியலில் 222 உணவுகள் இடம்பெற்றன.

தனிநபர் பதிவை மூன்று முதல் ஏழு நாள்களுக்குள் முடித்துக்கொள்வார்கள். நாள் கூடக்கூட எழுதுகிறவருக்குச் சலிப்புத் தட்டிவிடும். அந்த நாள்களில் ஒன்றாவது விடுமுறை நாளாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு செவ்வாய்க்கிழமைச் சாப்பாட்டைப்போல் இருப்பதில்லை.

இந்தியாவில்

எழுதியதைக் கலோரியாகவும் புரதமாகவும் மாற்ற உணவுச்சத்து அட்டவணை வேண்டும். இந்திய உணவுகளுக்கான அந்த வேலை தொடங்கிய இடம் குன்னூர். ராபர்ட் மெக்கரிசன் 1918இல் அங்கே தொடங்கிய பெரிபெரி நோய் ஆய்வு, பின்னாளில் ஊட்டச்சத்து ஆய்வகமாக வளர்ந்தது. அதன் இயக்குநர் வாலஸ் அய்க்ராய்டு 1937இல் இந்திய உணவுகளின் சத்து மதிப்பை வெளியிட்டார். ஆய்வகம் 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. அந்நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணையில் 528 உணவுப் பொருள்கள் உள்ளன.

பொதுச் சட்டியில் சமைத்து ஆளுக்கு ஆள் பரிமாறும் வீட்டில் ஒருவருடைய பங்கைப் பிரிப்பது எப்படி? கணக்கெடுக்க வருகிறவர் கையில் அளவுக் கிண்ணங்களோடு வருவார். உலையில் போட்ட அரிசி எவ்வளவு, வடித்த சோறு எத்தனை கிண்ணம், இன்னாருக்குப் போட்டது எத்தனை கிண்ணம் என்று சமைத்தவரிடமே கேட்பார். அரை கிலோ அரிசி 15 கிண்ணம் சோறாகி, அதில் ஒருவர் 3 கிண்ணம் உண்டிருந்தால் அவர் பங்கு 100 கிராம் அரிசி. குழம்பில் கிடக்கும் பருப்புக்கும் தாளித்த எண்ணெய்க்கும் இதே வகுத்தல்தான்.

வீட்டில் தானே எழுதுகிறவர் வழுக்குவதும் இங்கேதான். 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 350 கலோரி உண்டு. அதே எடைச் சோற்றில் 130 அளவே இருக்கும். எழுதியது அரிசியா, சோறா என்று தெளிவில்லையென்றால் கணக்கு இரண்டரை மடங்கு புரண்டுவிடும். எண்ணெயும் அப்படித்தான். தோசையை எழுதிவிட்டு, சுற்றி ஊற்றிய தேக்கரண்டி எண்ணெயை விட்டால் 45 கலோரி காணாமல் போகும்.

துல்லியம்

பதிவு எவ்வளவு உண்மை என்று சோதிக்க நீண்டகாலம் வழி இல்லாமல் இருந்தது. 1980களில் மனிதர்களிடம் பயன்பாட்டுக்கு வந்த ஐசோடோப்பு நீர் அதற்கு வழி செய்தது. கனமான ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த நீரைக் குடிக்கவைத்து, அவை சிறுநீரில் குறையும் வேகத்தைப் பார்ப்பார்கள். ஹைட்ரஜன் நீராக மட்டுமே வெளியேறும். ஆக்சிஜன் மூச்சின் கரியமில வாயுவாகவும் வெளியேறும். இரண்டின் வேறுபாட்டிலிருந்து உடல் எரித்த கலோரி தெரிந்துவிடும்.

நியூயார்க் ஆய்வாளர்கள் 1992இல் வெளியிட்ட முடிவு இத்துறையில் பெரிதும் பேசப்பட்டது. நாளுக்கு 1,200 கலோரிக்கும் குறைவாக உண்டும் எடை குறையவில்லை என்று சொன்ன 10 பேரைச் சோதித்தார்கள். அவர்களுடைய உடல் எரிக்கும் கலோரியில் குறை எதுவும் இல்லை. குறிப்பேட்டில்தான் சராசரியாக 47 சதவீத உணவு விடுபட்டிருந்தது. உடலுழைப்பையோ 51 சதவீதம் கூட்டி எழுதியிருந்தார்கள். இதை வெறும் பொய் என்று தள்ளிவிட முடியாது. மறதி, அளவைக் குறைத்து மதிப்பிடுவது, கொறித்ததைச் சாப்பாடாக எண்ணாதது என்று காரணங்கள் பல. எழுத வேண்டுமே என்ற நினைப்பிலேயே அந்த வாரம் உணவைக் குறைத்துக்கொள்கிறவர்களும் உண்டு.

ஆய்வாளருக்குத் தலைவலியான இந்தக் கடைசிக் குணம்தான் எடை குறைப்பவருக்குக் கைகொடுக்கிறது. அமெரிக்காவில் 1,685 பேரிடம் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், அன்றாடம் எழுதியவர்களுக்கு, எழுதாதவர்களைப்போல இரு மடங்கு எடை குறைந்தது. விடாமல் எழுதுகிறவர் மற்றக் கட்டுப்பாடுகளிலும் உறுதியாக இருப்பார் என்பதால், பலன் முழுவதையும் பேனாவின் கணக்கில் சேர்க்க முடியாது.

செயலிகளும் எச்சரிக்கையும்

உணவைப் பதியும் செயலியான மைஃபிட்னஸ்பால் 2005இல் தொடங்கியது. இந்திய உணவுகளை முன்வைத்து பெங்களூரின் ஹெல்த்திஃபைமீ 2012இல் வந்தது. பொட்டலத்தின் பார்கோடைக் காட்டினாலே சத்து விவரம் பதிவாகிவிடும் வசதி, கடையில் வாங்கிய பிஸ்கட்டுக்குப் பொருந்தும் அளவுக்கு வீட்டு வத்தக்குழம்புக்குப் பொருந்துவதில்லை. உடல் விவரங்களை நிறுவனத்திடம் ஒப்படைப்பதில் ஆபத்தும் உண்டு: 2018இல் மைஃபிட்னஸ்பாலின் சுமார் 15 கோடிக் கணக்குகளின் தகவல் கசிந்தது.

உண்ணுதல் கோளாறு உள்ளவர்களுக்குக் கலோரி எண்ணுவது நோயை முற்றவைக்கலாம். அமெரிக்காவில் அக்கோளாறு உள்ள 105 பேரிடம் கேட்டதில், நாலில் மூன்று பங்கினர் மைஃபிட்னஸ்பாலைப் பயன்படுத்தியிருந்தார்கள். அவர்களில் 73 சதவீதத்தினர் தங்கள் கோளாறுக்கு அதுவும் ஓரளவு காரணம் என்றார்கள். இருந்தாலும் இந்நோய்க்கான உளவியல் சிகிச்சையிலும் குறிப்பேடு உண்டு. எத்தனை மணிக்கு, எங்கே, என்ன சாப்பிட்டார், அளவு மீறியதாகத் தோன்றியதா, அப்போது மனத்தில் என்ன ஓடியது என்று நோயாளி உடனுக்குடன் எழுதுவார். அடுத்த சந்திப்பில் சிகிச்சையாளரும் அவரும் சேர்ந்து உட்கார்ந்து வரி வரியாகப் படிப்பார்கள். அந்தத் தாளில் கலோரிக்கு இடம் கிடையாது.