பங்கேற்கும் நேயர்: இரண்டு ஒலி-ஒளிபரப்புத் தீர்ப்புகள் குறித்த மறுவாசிப்பு

ஒலி-ஒளிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் பற்றி இலங்கை உயர் நீதிமன்றம் 1997 மே மாதத்தில் அளித்த தீர்மானத்தை ஊடகச் சுதந்திரத்துக்குக் கிடைத்த வெற்றியாக எழுதுவது நமது சட்டத்துறையில் வழமையாகிவிட்டது. தனியார் வானொலியையும் தொலைக்காட்சியையும் ஒழுங்குபடுத்த அரசு முனைந்தது, ஒழுங்குபடுத்தல் என்ற பெயரில் வந்தது தணிக்கைதான், நீதிமன்றம் அதைத் தடுத்தது என்பதே அந்த வாசிப்பின் சாரம். இதில் பிழையான தகவல் எதுவும் இல்லை. ஆனால் அங்கே காப்பாற்றப்பட்டது யாருடைய உரிமை என்ற கேள்வியை அந்த வாசிப்பு கேட்பதில்லை. நிலையம் நடத்துபவரின் உரிமை என்று எடுத்துக்கொண்டு மேலே போய்விடுகிறது. தீர்மானத்தின் மிக வலுவான பகுதி நேயரின் உரிமையைத்தான் ஊன்றி நிற்கிறது என்பது என் வாதம். நீதிமன்றம் இதை இத்தனை சொற்களில் சொல்லவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். எனினும் 1997இன் தீர்மானத்தை அதற்கு முந்திய ஆண்டுத் தீர்ப்போடு சேர்த்து வைத்துப் பார்த்தால் வேறு முடிவுக்கு வர வழியில்லை என்றே நினைக்கிறேன். மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழும் மக்கள் பெரும்பாலும் கொழும்பில் உரிமம் பெற்ற நிலையங்களின் நேயர்கள். இந்த வேறுபாடு அவர்களுக்குச் சொல்லளவிலான ஒன்றாக இருக்க முடியாது.

சட்டமூலத்தில் நீதிமன்றம் கண்ட குறைகள் துறையறிந்தவை. அமைக்கப்படவிருந்த அதிகாரசபை அமைச்சரின் பிடிக்குள் இருந்தது, சுயாதீனம் இல்லாதிருந்தது. அரச கூட்டுத்தாபனங்களுக்கு ஒரு நியாயமும் தனியார் நிலையங்களுக்கு இன்னொரு நியாயமும் வைத்தது. இவை சமத்துவத்துக்கும் பேச்சுச் சுதந்திரத்துக்குமான 12(1), 14(1)(அ) உறுப்புரைகளோடு முரண்பட்டன. ஆனால் முரண்பாடு அத்தோடு நின்றிருந்தால், மூன்றிலிரண்டு பெரும்பான்மையோடு அரசு அந்தச் சட்டமூலத்தை நிறைவேற்றிக்கொள்ள அரசியலமைப்பில் இடமிருந்தது. சர்வசன வாக்கெடுப்பும் தேவை என்று நீதிமன்றம் சொன்னதற்குக் காரணம் 10ஆம் உறுப்புரை. சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் மதத்துக்குமான சுதந்திரத்தைத் தரும் அந்த உறுப்புரை 83ஆம் உறுப்புரையின் காப்புக்குள் இருக்கிறது, பேச்சுச் சுதந்திரம் அங்கே இல்லை. ஆகவே சட்டமூலத்துக்கு உண்மையில் தாழ்ப்பாள் போட்டது 14 அல்ல, 10தான். மின்னணு ஊடகம் மனிதரின் சிந்தனையை ஆட்கொள்வதில் வேறெந்தச் சாதனத்தையும் விட வலியது, அதை ஆள்பவரின் கையில் ஒப்படைத்தால் சிந்தனையையே ஒப்படைத்ததாகும் என்பது நீதிமன்றத்தின் நியாயப்படுத்தலின் போக்கு. இங்கே நின்று கேட்க வேண்டும்: ஆட்கொள்ளப்படுவது யாருடைய சிந்தனை? ஒலிவாங்கிக்கு முன்னால் இருப்பவருடையதாக அது இருக்க முடியாது. அவர் தம் சிந்தனையை ஏற்கெனவே உருவாக்கிக்கொண்டு வந்து பேசுகிறார், அவருக்கு வேண்டியது 14 தரும் பேச்சுரிமை. ஆபத்து வானொலிப் பெட்டிக்கும் தொலைக்காட்சித் திரைக்கும் இந்தப் பக்கத்தில் இருப்பவருக்கே. 10ஆம் உறுப்புரை இந்தத் தீர்மானத்துக்குள் வருவதற்கு ஒரே வழி நேயரின் வழி. அந்த உறுப்புரை ‘ஒவ்வோர் ஆளுக்கும்’ உரியது, 14 ‘ஒவ்வொரு பிரசைக்கும்’ உரியது என்ற வேறுபாட்டையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். ஒளிபரப்பாளருக்கும் சிந்தனை உண்டே என்று சொல்லப்படலாம். உண்டு. ஆனால் உரிமம் கேட்டு வருவது கம்பனி, கம்பனிக்கு மனச்சாட்சி கிடையாது.

1997இல் இந்தத் தர்க்கம் வானத்திலிருந்து விழவில்லை. அதன் வேர் 1996 மே மாதத்து பெர்னாண்டோ எதிர் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் வழக்கில் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ எழுதிய தீர்ப்பில் இருக்கிறது. நேயர்களும் கலந்துகொண்ட முறைசாராக் கல்வி நிகழ்ச்சி ஒன்று 1995இல் திடீரென நிறுத்தப்பட்டது. மனுதாரர் நிலையத்தின் உரிமையாளரோ பணியாளரோ அல்லர். அந்த நிகழ்ச்சியைத் தொடர்ந்து கேட்டு, அதில் கலந்தும் கொண்ட ஒருவர். அவருடைய 14(1)(அ) உரிமை மீறப்பட்டது என்று நீதிமன்றம் கண்டது. ஆனால் அதைச் சொல்லும்போது ஒரு கோட்டையும் போட்டது: வெறுமனே தகவல் பெறும் உரிமை பேச்சுரிமைக்குள் அடங்காது, அது ஒருவேளை 10ஆம் உறுப்புரையின் சிந்தனைச் சுதந்திரத்தோடு சேர்ந்ததாக இருக்கலாம், மனுதாரருக்கு உள்ளது பங்கேற்கும் நேயர் என்ற வகையிலான உரிமை. இந்தச் சொற்றொடரைத்தான் பின்வந்தவர்கள் பெரும்பாலும் ஒரு வேலியாக வாசித்தார்கள். தொலைபேசியில் பேசியவர், கடிதம் எழுதியவர், கேள்விக்குப் பதில் அனுப்பியவர் உள்ளே. சும்மா கேட்டுக்கொண்டிருந்தவர் வெளியே. தீர்ப்பின் சொற்களை மட்டும் பார்த்தால் இந்த வாசிப்புக்கு ஆதாரம் உண்டு என்பதை மறைக்கப் போவதில்லை. நிகழ்ச்சியை நிறுத்தியதால் மனுதாரர் மேலும் பங்கேற்க முடியாமல் போனது என்பதே அங்கே மீறலாக அடையாளம் காணப்படுகிறது.

ஆனால் அந்த வேலி எங்கே போடப்படுகிறது என்பதை இடத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். 1995இன் மட்டக்களப்பை எடுத்துக்கொள்வோம். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் நகரமும் அஞ்சலகமும் தொலைபேசியும் இருந்தன. மேற்கே கொக்கட்டிச்சோலை, பட்டிப்பளை, வவுணதீவுப் பக்கத்துப் படுவான்கரையில் போரும் தடைகளும் இருந்தன. மின்சாரம் எட்டாத வீட்டில் பேட்டரி வானொலிப் பெட்டிதான் இருந்தது. வயலில் இருந்து திரும்பி வந்து செய்தி நேரத்துக்குப் பெட்டியைத் திருகும் ஒருவருக்குக் கொழும்பு நிலையத்தின் தொலைபேசி எண்ணால் ஆவதென்ன? கடிதம் போட வேண்டுமானாலும் வாவியைத் தோணியில் கடந்து வர வேண்டும். குறுகிய வாசிப்பை அப்படியே ஏற்றால், அரசியலமைப்பு தரும் உரிமை எழுவான்கரையில் இருக்கும், படுவான்கரையில் இராது. ஒரே நிகழ்ச்சியை ஒரே நேரத்தில் கேட்ட இருவரில் ஒருவருக்கு உரிமையும் மற்றவருக்கு வெறும் இரைச்சலும் என்ற முடிவை நீதிமன்றம் விரும்பியிருக்கும் என்று நம்புவது கடினம். சொற்றொடரை இன்னொரு விதமாகவும் வாசிக்கலாம். பொதுவிடயம் பற்றிய பேச்சு ஒன்றில் கேட்பதும் பங்குதான், ஏனெனில் கேட்டவர் அதைத் தேநீர்க் கடையிலும் கோயில் வீதியிலும் வாடியிலும் பேச்சாக மாற்றுகிறார். ‘பங்கேற்கும்’ என்ற அடைமொழியை நேயரின் தொழிலைச் சொல்வதாக எடுத்துக்கொண்டால் வேலி கரைந்துபோகிறது. இந்த வாசிப்பு தாராளமானது என்று குறை சொல்லப்படலாம். அப்படியே வைத்துக்கொண்டாலும் என் வாதத்துக்குப் பாதிப்பில்லை. 1996இல் 10ஆம் உறுப்புரைக்குள் இருக்கலாம் என்று விட்டுவைக்கப்பட்ட இடத்தை 1997இல் அதே நீதிமன்றம் அதே உறுப்புரையைக் கொண்டே நிரப்பிவிட்டது. சும்மா கேட்டுக்கொண்டிருந்தவர் முன்வாசல் வழியாக வராவிட்டாலும் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டார்.

இந்த உரிமையின் பிறப்பிடம் ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனெனில் அது வழமையான வரலாற்றில் அடிக்குறிப்பாகக்கூட இடம்பெறுவதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவந்த ‘சற்றடே ரிவியூ’ வார இதழ் 1983 ஜூலையில் அவசரகால விதிகளின் கீழ் மூடப்பட்டபோது, விசுவலிங்கம் எதிர் லியனகே வழக்கில் நீதிமன்றத்துக்குப் போனவர்களில் அதன் வாசகர்களும் இருந்தார்கள். தடை செல்லுபடியானது என்று முடிந்து அவர்கள் தோற்றார்கள். ஆனால் வாசகருக்கும் வழக்காடும் தகுதி உண்டு என்பது அங்கே ஏற்கப்பட்டது. எழுதியவருக்கோ அச்சிட்டவருக்கோ மட்டும் அன்றி, பெறுபவருக்கும் பேச்சுரிமையில் பங்குண்டு என்ற எண்ணம் இலங்கைச் சட்டத்துக்குள் நுழைந்தது ஒரு தமிழ் நகரத்தின் இதழ் பூட்டப்பட்ட வழக்கில்தான். கொழும்பின் பெரும் ஊடக நிறுவனங்களின் வெற்றியாக 1997ஐ எழுதும்போது இந்த வழித்தடம் அழிந்துபோகிறது.

நிலையம் சார்ந்த வாசிப்பால் ஏற்பட்ட சேதம் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. சட்டமூலம் விழுந்ததும் ஊடகத்துறை பெருமூச்சு விட்டது. விழுந்தது புதிய சட்டமூலம் மட்டுமே. 1966ஆம் ஆண்டின் 37ஆம் இலக்க ஒலிபரப்புக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் 44ஆம் பிரிவும், 1982ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க ரூபவாஹினிக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் 28ஆம் பிரிவும் அப்படியே இருந்தன. தனியார் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் உரிமம் தரும் அதிகாரம் அவற்றின் கீழ் அமைச்சரிடம் இருக்கிறது. சுயாதீனமற்ற அதிகாரசபை கூடாது என்று நீதிமன்றம் சொன்னதன் பயனாக, அதிகாரசபையே இல்லாத அமைச்சர் எஞ்சினார். 2007 ஒக்ரோபரில், ஹம்பாந்தோட்டை மாவட்டத்தில் புலிகள் தாக்கியதாகப் பொய்ச் செய்தி ஒலிபரப்பினார்கள் என்ற குற்றச்சாட்டில் ஒரே குழுமத்தின் ஐந்து வானொலிகளின் உரிமம் பறிக்கப்பட்டது. அவற்றுள் ஒன்று தமிழ் வானொலியான சூரியன் எப்எம். செய்தி பிழையாகவே இருந்திருக்கலாம். ஆனால் தெற்கின் ஒரு மூலை பற்றிய செய்திக்காக மட்டக்களப்பில் ஒரு தமிழ் வானொலி ஒரே நாளில் ஓய்ந்தபோது, அந்த நேயர்களை யாரும் ஒரு தரப்பாகக்கூட எண்ணவில்லை. கண்டனங்கள் முதலீட்டைப் பற்றியும் ஊழியர்களைப் பற்றியும் பேசின. நேயரின் உரிமையை மையத்தில் வைத்திருந்தால், பறிப்பதற்கு முன் விசாரணை வேண்டும், காரணம் எழுத்தில் வேண்டும், பிழையான செய்திக்குத் திருத்தம் ஒலிபரப்பச் செய்வது போதாதா என்று ஆராய வேண்டும் என்ற கோரிக்கைகள் தாமாகவே எழுந்திருக்கும்.

எதிர்வாதங்களில் முதலாவது தொழில்நுட்பம் சார்ந்தது. அலைவரிசை மட்டானது, அதனால் அது பொதுச்சொத்து, ஆகவே ஒழுங்குபடுத்தல் நியாயமானது என்ற அடிப்படை, செய்மதித் தொலைக்காட்சியும் கைபேசியும் வந்தபின் செத்துவிட்டது என்கிறார்கள். இந்திய உச்ச நீதிமன்றம் 1995இல் வங்காளக் கிரிக்கெட் சங்க வழக்கில் அலைவரிசையைப் பொதுச்சொத்து என்று சொன்ன காலம் வேறு, இன்றைய காலம் வேறு என்பது அவர்கள் கூற்று. மட்டக்களப்பில் இந்த வாதம் நிற்காது. சென்னையின் தொடர் நாடகங்களும் செய்திகளும் ஆரையம்பதி வீட்டுக்குள்ளும் ஏறாவூர் வீட்டுக்குள்ளும் தாராளமாக வருகின்றன. மாரிமழையில் வாவி பெருகி வயல் மூழ்கும்போது முகத்துவாரம் வெட்டப்படுமா, எப்போது வெட்டப்படும் என்பதைச் சென்னை சொல்லாது. சீக்கிரம் வெட்டிவிடு என்று படுவான்கரை விவசாயி கேட்பார். வெட்டினால் இறாலும் மீனும் கடலோடு போகும் என்று வாவி மீனவர் மறுப்பார். இரு தரப்பையும் தமிழில், அன்றே, பொறுப்போடு கேட்கச் செய்யும் ஒளிபரப்பு இன்றும் அரிதாகவே இருக்கிறது. அரிதாக இருப்பது அலைவரிசை மட்டும் என்று கொண்டதுதான் இந்த எதிர்வாதத்தின் பிழை.

இரண்டாவது எதிர்வாதம் கனமானது. பாதுகாப்பு என்ற சொல் வந்தவுடன் நீதிமன்றமே பின்வாங்கும் என்பதற்கு சுனிலா அபேசேகர வழக்கு சாட்சி. 1998இல் போர்ச் செய்திகள் மீது விதிக்கப்பட்ட தணிக்கையை 2000இல் உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. கிழக்கில் வாழ்ந்தவர்களுக்கு அந்தச் செய்திகள்தான் எல்லாவற்றையும் விட அவசியமாக இருந்தன. 15(7)ஆம் உறுப்புரையின் கீழான அவசரகால விதிகள் வேறு, உரிமம் வேறு என்று சட்ட நுணுக்கம் பேசலாம், அது சரியும்கூட. ஆனால் படுவான்கரை நேயருக்கு அந்த நுணுக்கம் எதையும் மீட்டுத் தராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இங்கே ஊடகத்தின் கழுத்தை நெரித்தது அரசு மட்டுமல்ல என்பதும் உண்மை. மூத்த ஊடகவியலாளர் ஐயாத்துரை நடேசன் 2004 மே 31இல் மட்டக்களப்பு நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். எந்த ஒழுங்குபடுத்தல் சட்டமும் அவரைக் காத்திருக்காது. நேயரின் உரிமை எல்லா நோய்க்கும் மருந்து என்று நான் சொல்லவில்லை. உரிமம் என்ற ஒரு குறிப்பிட்ட கருவி யாருக்காக, எப்படிப் பயன்பட வேண்டும் என்பதற்கு அது அளவுகோல் தருகிறது, அவ்வளவே.

எந்த ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் ஆள்பவரின் கைக்குள் போய்விடும் என்ற மூன்றாவது எதிர்வாதத்தில் அதிகம் தங்க வேண்டியதில்லை. உரிமம் ஏற்கெனவே ஆள்பவரின் கையில்தான் இருக்கிறது.

ஒழுங்குபடுத்தலே வேண்டாம் என்பவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்றும் இருக்கிறது. 2019 ஏப்ரல் 21 குண்டுத்தாக்குதல்களில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் உயிர்கள் பறிபோன பின்னர், சில தொலைக்காட்சிகள் வாரக்கணக்கில் முஸ்லிம்களை ஒட்டுமொத்தமாகச் சந்தேக வளையத்துக்குள் நிறுத்தின. காத்தான்குடியில் இருந்த குடும்பம் தன் வீட்டுத் திரையிலேயே தன்னைக் குற்றவாளியாகப் பார்த்தது. அந்தக் குடும்பம் எங்கே முறையிடும்? பத்திரிகைகளுக்கென ஒரு முறைப்பாட்டு ஆணைக்குழு 2003 முதல் இயங்குகிறது. ஒளிபரப்புக்கு அப்படி ஒரு படலை இல்லை. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தின் 3ஆம் பிரிவு வெறுப்புப் பேச்சுக்கு எதிராக இருக்கிறது, ஆனால் அது எழுத்தாளர் சக்திக சத்குமாரவைச் சிறுகதைக்காகச் சிறைக்கு அனுப்பப் பயன்பட்ட பிரிவு. தனிமனிதரைச் சிறையிலடைக்கும் குற்றவியல் சட்டம் ஒரு பக்கம், அமைச்சரின் உரிமப் பறிப்பு மறு பக்கம், இடையில் திருத்தம் கேட்கவும் பதில் சொல்லவும் நேயருக்கு ஓரிடம் இல்லை. பதிலுரிமை வழங்கச் செய்வதைத் தணிக்கை என்று அழைப்பவர்கள், அதுவரை பேச முடியாதிருந்த ஒருவர் பேசுவதைத் தணிக்கை என்கிறார்கள். இதை ஏற்க முடியாது.

2023இல் வெளியே வந்த ஒலி-ஒளிபரப்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுச் சட்டமூல வரைவு பழைய அச்சத்தையே கிளப்பியது. எதிர்ப்பும் பழைய மொழியிலேயே வந்தது: நிலையங்களின் உரிமை, உரிமத்தின் ஆயுள், முதலீட்டின் பாதுகாப்பு. அடுத்த வரைவு வரும்போது மட்டக்களப்பிலிருந்தும் மனு போக வேண்டும், அது நேயர் என்ற தகுதியிலேயே போக வேண்டும். ஆணைக்குழுவில் தமிழ் நேயருக்கும் முஸ்லிம் நேயருக்கும் இடம் எங்கே, உரிமம் பறிக்கும் முன் அவர்களைக் கேட்கும் நடைமுறை எங்கே, பதிலுரிமை எங்கே என்று அது கேட்க வேண்டும். 121ஆம் உறுப்புரையின் கீழ் எந்தப் பிரசையும் அப்படி மனுச் செய்யலாம். சட்டமூலம் நாடாளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் ஏறிய நாளிலிருந்து அதற்குள்ள அவகாசம் ஒரு வாரம்.