அண்டர்-20 உலகத் தடகளம்: யார் ஓடலாம், இந்தியா என்ன ஜெயிச்சிருக்கு?

நீரஜ் சோப்ரா, ஹிமா தாஸ் ரெண்டு பேரையும் நாடு முழுக்கப் பேச வைத்த மேடை இதுதான். 1986-ல் ஏதென்ஸில் 'உலக ஜூனியர் சாம்பியன்ஷிப்' என்ற பெயரில் தொடங்கியது. வழக்கமாக ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும்.

வயசுக் கணக்குதான் பலரைக் குழப்பும். போட்டி நடக்கும் நாளில் என்ன வயசு என்று பார்ப்பதில்லை; அந்த ஆண்டின் டிசம்பர் 31-ல் 16 முதல் 19-க்குள் இருக்கணும். அதனால்தான் 2002-ல் கிங்ஸ்டனில் 200 மீட்டர் தங்கம் வாங்கியபோது உசைன் போல்ட்டுக்கு 15 வயசு!

இந்த வயதுப் பிரிவு ஆண்களுக்குக் குண்டு எடை குறைவு: 7.26 கிலோவுக்குப் பதில் 6 கிலோ. ஈட்டி மட்டும் அதே 800 கிராம். 2016 ஜூலை 23-ல் பிட்கோஷில் நீரஜ் 86.48 மீட்டர் எறிந்து ஜூனியர் உலக சாதனை படைத்தார். ஆனால் ரியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறும் கெடு ஜூலை 11-லேயே முடிந்திருந்தது. அடுத்த மாதம் ரியோவில் வெண்கலம் போனது 85.38 மீட்டருக்கு. இதை நினைச்சா இன்னைக்கும் கடுப்பாகும்.

2018-ல் டாம்பரேயில் ஹிமா தாஸ் 400 மீட்டரை 51.46 வினாடியில் ஓடித் தங்கம் வென்றார். 2021-ல் நைரோபியில் ஷைலி சிங் நீளம் தாண்டுதலில் 6.59 மீட்டர் தாண்டினார். தங்கம் போனது 6.60-க்கு. ஒரே ஒரு சென்டிமீட்டர்! 2022-ல் காலியில் மும்முறைத் தாண்டுதலில் வெள்ளி வாங்கிய செல்வ பிரபு, நம்ம மதுரைப் பையன்.