பாரசீகத் தூள்

கோடையில் அந்தி சாய்ந்ததும் நம் வீடுகளின் மூலையில் ஏற்றிவைக்கப்படும் கொசுவத்திச் சுருளுக்கும் ஒரு வரலாறு உண்டு என்றால் சிலர் நகைக்கக் கூடும். அரசர்களுக்கும் போர்களுக்கும் வரலாறு எழுதிப் பழகிவிட்டோம். ஆனால் எந்த அரசனையும் உறங்கவிடாமல் அடித்த கொசுவுக்கும், அதை விரட்ட மனிதன் தேடிய வழிகளுக்கும் உள்ள வரலாறு, நாம் நினைப்பதை விட நீண்டது. அது நம் கீழைநாடுகளோடு நெருங்கிய தொடர்பும் உடையது.

புகையும் வலையுமே மிகப் பழைய காவல்கள். நைல் நதிக்கரை மீனவர்கள், பகலில் மீன் பிடித்த வலையையே இரவில் படுக்கையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு உறங்கினார்கள் என்று கிரேக்க ஆசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். நம் நாட்டில் வேப்பிலையும் நொச்சித்தழையும் மாட்டுத் தொழுவத்தில் புகைந்தன. வீட்டுக்குள் சாம்பிராணி மணந்தது. இவையெல்லாம் பூச்சியை விரட்டுவன. புகை அடங்கியதும் பூச்சி திரும்பிவிடும். விரட்டுவதோடு நில்லாமல் கொல்லவும் வல்ல ஒரு மலர் உண்டு என்பதை உலகுக்குக் காட்டியது பாரசீகத்தின் வடபுறமும் காக்கேசிய மலைநாடும்தாம்.

அந்த மலர் செவ்வந்தி இனத்தைச் சேர்ந்தது. அதை உலர்த்தி இடித்த தூளை மலைவாழ் மக்கள் படுக்கைகளில் தூவித் தெள்ளுப் பூச்சிக்கும் மூட்டைப் பூச்சிக்கும் பகையாக வைத்திருந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆர்மீனிய வாணிகர் ஒருவர் இந்த இரகசியத்தை அவர்களிடமிருந்து தெரிந்துகொண்டார் என்றும், பின்னர் அது பெருவாணிகமாயிற்று என்றும் சொல்வார்கள். வாணிகரின் பெயரைக் கூடச் சில நூல்கள் குறிக்கின்றன. தூளை முதன்முதல் இடித்த மலைநாட்டுப் பெண்களின் பெயர்தான் எங்கும் இல்லை. ஐரோப்பியச் சந்தையில் அதற்குக் கிடைத்த பெயர் ‘பாரசீகத் தூள்’.

இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தையும் நாம் தீர்த்துக்கொள்ள வேண்டும். அறிவியலார் இம்மலரைப் பைரெத்ரம் என்பர். ஆனால் பழைய கிரேக்க மருத்துவர்கள் அப்பெயரால் அழைத்தது வேறொரு செடியின் காரமான வேரை. அரபு மருத்துவர்கள் ‘ஆகிர் கர்ஹா’ என்றதும், நம் நாட்டு மருந்துக் கடைகளில் அக்கரகாரம் என்று விற்பதும் அந்த வேர்தான். பல்வலிக்கு அதைக் கடித்து நாக்கு மரத்துப்போனவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள். அக்கரகாரத்தைக் கொண்டு கொசுவை விரட்ட யாரும் முற்பட வேண்டாம்.

யோகான் சாகெர்ல் என்பவர் காக்கேசியாவின் திப்லிஸ் நகரில் இந்தத் தூளைக் கண்டு, அதை வியன்னாவுக்குக் கொண்டுவந்து செல்வம் குவித்தார். அவருடைய குடும்பம் 1892ஆம் ஆண்டு வாக்கில் வியன்னாவில் எழுப்பிய தொழிற்சாலைக் கட்டடம் இன்றும் நிற்கிறது. குவிமாடமும், மினாரா போன்ற கோபுரங்களும், வண்ண ஓடுகளுமாகப் பள்ளிவாசலைப் போலவே அதைக் கட்டியிருக்கிறார்கள்! சரக்கு கிழக்கிலிருந்து வந்தது என்பதை வாங்குவோருக்கு நினைவூட்டும் விளம்பரம் அது. மூட்டைப்பூச்சி மருந்துக்கு மினாரா எழுப்பிய விந்தையை எண்ணிச் சிரிப்பதா, வருந்துவதா என்று நமக்குத் தெரியவில்லை.

இதற்கிடையில் அத்ரியாட்டிக் கடலோரமான தல்மேசியாவில் இம்மலரின் வெண்ணிற உறவு ஒன்று இன்னும் வீரியமுள்ளது என்று தெரியவந்தது. அதன் விதை 1886ஆம் ஆண்டு, அமெரிக்கர் ஒருவர் வழியாக, ஜப்பானின் வாக்கயாமா பகுதியில் ஆரஞ்சுத் தோட்டக் குடும்பத்தில் பிறந்த உயெயாமா எயிச்சிரோவின் கைக்குக் கிடைத்தது. மலர்த்தூளை மாவுடன் பிசைந்து ஊதுவத்தியாக உருட்டி 1890இல் அவர் விற்கத் தொடங்கினார். அது முக்கால் மணி நேரம் கூட எரியவில்லை. கொசுவோ இரவு முழுதும் கடிக்கிறது. நீளமான குச்சி செய்தால் ஒடிந்துவிடும். சுருண்டு கிடந்த ஒரு பாம்பைக் கண்ட அவருடைய மனைவி யூக்கி, வத்தியையும் அப்படியே சுருட்டினால் என்ன என்று 1895இல் கேட்டாராம். அதைச் செய்து பார்த்து விற்பனைக்குக் கொண்டுவர ஏழு ஆண்டுகள் ஆயின. 1902இல் வந்த அந்தச் சுருள் ஏறத்தாழ ஏழு மணி நேரம் எரிந்தது. இன்று நாம் காணும் வடிவம் அதுவே.

இதே மலர் நம் தஞ்சைத் தரணிக்கும் வந்தது. 1934இல் மேட்டூர் அணை முடிந்து, கல்லணைக் கால்வாய் பட்டுக்கோட்டை வட்டத்தின் வறண்ட நிலங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தது. நெல்லோடு மலேரியாக் காய்ச்சலும் வந்தது. மலேரியாவைக் கொசுவே பரப்புகிறது என்பதற்கான சான்றை ரொனால்டு ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் கண்டிருந்தார். ஆகவே எதை எதிர்ப்பது என்பது தெரிந்திருந்தது; எப்படி என்பதுதான் கேள்வி. ராக்பெல்லர் அறக்கட்டளையைச் சேர்ந்த பால் ரஸ்ஸல் என்ற மருத்துவர் 1930களின் பிற்பகுதியில் அங்கே ஆய்வு நடத்தினார். பைரெத்ரம் சாற்றை மண்ணெண்ணெயில் கலந்து வீடுகளுக்குள் தெளித்தபோது, சுவரில் தங்கிய கொசுக்கள் மடிந்தன, காய்ச்சலும் தணிந்தது.

அவரும் இராவ் என்ற இந்திய ஆய்வாளரும் கண்ட இன்னொரு உண்மை எந்த மருந்தும் வேண்டாதது. மலேரியாவைப் பரப்பிய அந்தக் கொசு, முட்டையிடும்போது நீர்ப்பரப்பின் மேல் ஆடியாடிப் பறக்கும். புதிதாக நட்ட வயலில் அதற்கு இடம் உண்டு. நாற்று ஓரடிக்கு மேல் வளர்ந்துவிட்டால் தாள்கள் தடுக்கும். கொசு அவ்விடத்தை விட்டுப் போய்விடும். குழிநீரில் மூங்கில் சிம்புகளை நெருக்கமாக நட்டும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நம் வயல்களில் நின்ற பயிரே ஒரு வேலியாக இருந்திருக்கிறது!

பிறகு டி.டி.டி. வந்தது. ஒருமுறை அடித்தால் மாதக்கணக்கில் சுவரில் நின்று கொல்லும் மருந்தின் முன்னே, வெயில் பட்டால் சில மணி நேரத்தில் வீரியம் இழக்கும் மலர்ச்சாறு எப்படி நிற்கும்? பட்டுக்கோட்டை ஆய்வுகளை உலகம் மறந்தது. 1953இல் தொடங்கிய தேசிய மலேரியாத் திட்டம் 1960களின் நடுவில் நம் நாட்டின் நோயாளிகளை ஆண்டுக்கு ஓரிலட்சம் அளவுக்குக் குறைத்தது உண்மை. அந்த நன்மையை மறுப்பது நன்றி கெட்ட செயல். ஆனால் கொசு மருந்துக்குப் பழகிக்கொண்டது, கண்காணிப்பும் தளர்ந்தது. 1976இல் அந்த எண்ணிக்கை அறுபது இலட்சத்தைத் தாண்டியது.

இன்று கடையில் வாங்கும் சுருளில் பெரும்பாலும் அந்த மலர் இல்லை. 1949இல் மலரின் சத்தைப் பார்த்து ஆய்வுக்கூடத்தில் ஆக்கிய அல்லெத்ரினும் அதன் வழிவந்த இரசாயனங்களுமே இருக்கின்றன. மலரே இருந்தாலும் அது முற்றிலும் தீங்கற்றது என்று நாம் சொல்ல மாட்டோம். மனித உடல் அதை விரைவில் சிதைத்துவிடும். மீனும் தேனீயும் தாங்கா. மேலும், மூடிய அறையில் எரியும் ஒரு சுருள் வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 வரையிலான சிகரெட்டுகளின் அளவுக்கு ஒப்பானது என்று 2003இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. வேப்பிலைப் புகையாயினும் நொச்சிப் புகையாயினும், குழந்தை உறங்கும் அறைக்குள் அடைத்து வைத்தால் புகை புகைதான்.

நைல் மீனவன் கட்டிய வலை மட்டும் புகையின்றி, நஞ்சின்றி இன்றும் வேலை செய்கிறது. நம் வீட்டில் இந்தக் கோடைக்குப் பரணிலிருந்து அதை இறக்கினோம். இரண்டு இடங்களில் கிழிந்திருந்தது, தைத்துக் கட்டியிருக்கிறோம்.