ஓசூரில் இருந்து மாலத்தீவு, பாலி டூர் போறீங்களா? டிக்கெட் போடும் முன் இதைப் பாருங்க

சேர்த்து வைத்த லீவை மொத்தமாக எடுத்துத் தீவுப் பயணம் போக நினைக்கும் சிப்காட் ஊழியர்கள், டிக்கெட் விலைக்கு முன் மழையைப் பார்க்கணும். மாலத்தீவில் மே முதல் அக்டோபர் வரை பருவமழை. பாலியில் நவம்பர் முதல் மார்ச் வரை. ஆக, ஆயுத பூஜை லீவுக்கு பாலி, பொங்கல் லீவுக்கு மாலத்தீவு.

அடுத்தது நேரம். மாலத்தீவு ரிசார்ட்டுகளுக்குப் போகும் கடல் விமானங்கள் பகலில் மட்டுமே பறக்கும். மாலையில் போய் இறங்கினால், அன்றிரவு மாலேயில் தனியாக ரூம் போட வேண்டியதுதான். அதனால் காலை விமானமே லாபம். பெங்களூரு விமான நிலையமோ நகரத்தைத் தாண்டி தேவனஹள்ளியில், ஓசூரில் இருந்து சுமார் 75 கி.மீ. நள்ளிரவிலேயே கிளம்பணும். ஒரே ஆறுதல், அந்நேரம் சில்க் போர்டில் நெரிசல் இருக்காது!

விசா? மாலத்தீவில் இறங்கியதும் இலவசமாகத் தருவாங்க. ஆனால் பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் 'இமுகா' தளத்தில் விவரங்களைப் பதிவு செய்வது கட்டாயம். பாலியில் 5 லட்சம் ரூபியா கட்டணத்தில் 30 நாள், ஒருமுறை நீட்டிக்கலாம். கெடு தாண்டினால் நாளுக்கு 10 லட்சம் ரூபியா அபராதம்.

பலருக்குத் தெரியாத விஷயம்: மாலத்தீவுக்குள் மது, பன்றி இறைச்சி, இ-சிகரெட் மட்டுமல்ல, வழிபாட்டுக்கான சாமி சிலைகளையும் கொண்டு போகக் கூடாது. பையில் குட்டிப் பிள்ளையார் இருந்தால் வீட்டிலேயே வெச்சுட்டுப் போங்க.