கோயில்

உச்சிப்பிள்ளையார், திருவானைக்கா, வயலூர் என்று திருச்சியைச் சுற்றி எத்தனையோ கோயில்கள். ஆங்கில இலக்கணம் ‘காமன் நவுன்’ என்பதும் நாம் பொதுப்பெயர் என்பதும் இத்தகைய சொல்லைத்தான். ஆனால் வைணவர் வழக்கில், அடைமொழி எதுவும் இல்லாமல் ‘கோயில்’ என்றால் அது திருவரங்கம் ஒன்றே. அரங்கன் ஆலயத்தின் வரலாற்றேட்டுக்குக் ‘கோயிலொழுகு’ என்றே பெயர்; ஊர்ப்பெயரைச் சேர்க்கும் தேவையே எழவில்லை. சைவர்களுக்கோ அதே சொல் சிதம்பரம். பொதுப்பெயரைச் சிறப்புப்பெயராக உயர்த்தியது பக்திதான்.

கோ + இல், அரசனின் இல்லம். சிலப்பதிகாரத்தில் அரண்மனையும் கோயிலே. ஓகாரத்தை அடுத்து வகர உடம்படுமெய் வரும் என்ற விதிப்படி ‘கோவில்’ ஆக வேண்டும். வழக்கில் ‘கோயில்’ நிலைத்துவிட்டது. இரண்டும் சரியே.

பொதுப்பெயர் சிறப்புப்பெயராகும் மாற்றத்தை ஆங்கிலத்தில் பெரிய எழுத்து காட்டிக்கொடுக்கும். ‘சிட்டி’ எந்த நகரமும் ஆகலாம். முதலெழுத்தைப் பெரிதாக்கி, முன்னே ‘தி’ சேர்த்தால் லண்டனின் பழைய நகரப்பகுதியையும் குறிக்கும். தமிழில் அந்த அடையாளம் கிடையாது. மலையும் கோட்டையும் பொதுப்பெயர்கள். சேர்ந்து ‘மலைக்கோட்டை’ ஆனதும் திருச்சிக்கே உரியதாகி, சென்னை செல்லும் ரயிலுக்கும் பெயரானது.

வைணவ உரைகளை ஆங்கிலத்தில் பெயர்ப்பவர்கள் ‘கோயில்’ வரும் இடத்தில் ‘எ டெம்பிள்’ என்று எழுதிவிட வேண்டாம். ஸ்ரீரங்கம் என்றே எழுதுங்கள்.