ஈட்டிக்குப் பிடி வந்த கதை

தைப்பூசத்துக்கு வேல் ஏந்திப் பழனிக்கு நடப்பவர்களைச் செம்பட்டிச் சாலையில் பார்க்கலாம். இங்கே பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் எடுக்கும் ஈட்டி வேறு. அதன் நடுவில் கயிறு சுற்றிய பிடி உண்டு. அந்த இடத்தில் பிடித்து எறிந்தால்தான் எறி செல்லும். இந்த விதி வேரூன்றிய காலத்தின் பெரிய ஆள் எரிக் லெமிங். சுவீடனின் கோத்தன்பர்க் நகரத்துக்காரர், 1880-இல் பிறந்தவர்.

1899-இல், 19 வயதிலேயே 49.32 மீட்டர் எறிந்தார். ஆனால் மறுவருடம் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஈட்டிப் போட்டியே கிடையாது. உயரம் தாண்டினார், கோலூன்றித் தாண்டினார், சங்கிலிக் குண்டும் எறிந்தார். பதக்கம் வரவில்லை. தன் கலைக்கு இடமில்லாத மேடைக்கும் போய் நின்ற அந்த மனசு எனக்குப் பிடித்திருக்கிறது.

1906-இல் ஏதென்ஸில் நடந்த போட்டியில் ஈட்டியை எங்கே வேண்டுமானாலும் பிடிக்கலாம். அதில் 53.90 மீட்டர் எறிந்து வென்றார். 1908 லண்டனில் இரண்டு போட்டி வைத்தார்கள்: ஒன்றில் விருப்பம்போல் பிடிக்கலாம், மற்றதில் நடுவில்தான் பிடிக்க வேண்டும். இரண்டிலும் தங்கம் லெமிங்குக்கே. நடுப்பிடியில் அவர் எறிந்தது 54.82 மீட்டர், கட்டுப்பாடில்லாத போட்டியில் எறிந்ததைவிட அதுதான் சற்றுக் கூடுதல். நடுப்பிடியால் தூரம் குறையாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

1912 ஸ்டாக்ஹோமில் விருப்பப் பிடிப் போட்டி இல்லை. நடுப்பிடியில் லெமிங் 60.64 மீட்டர் எறிந்து மீண்டும் வென்றார். அங்கேயே வலக்கை, இடக்கை இரண்டாலும் எறிந்து தூரத்தைக் கூட்டும் போட்டியும் நடந்தது. அதில் பின்லாந்தின் யுஹோ சாரிஸ்தோ வலக்கையால் மட்டும் 61.00 மீட்டர் எறிந்து லெமிங்கின் தூரத்தைத் தாண்டிவிட்டார். லெமிங் சும்மா இருக்கவில்லை. செப்டம்பர் 29-இல் 62.32 மீட்டர் எறிந்தார். அந்த ஆண்டு உருவான சர்வதேசத் தடகளச் சம்மேளனம் ஈட்டிக்கு முதன்முதலாக ஏற்ற உலக சாதனை அதுதான்.

1930-இல், 50 வயதில் லெமிங் மறைந்தார். ஈட்டியின் கதை தொடர்ந்தது. 1984-இல் கிழக்கு ஜெர்மனியின் உவே ஹோன் 104.80 மீட்டர் எறிந்தார். மைதானத்துக்குள் நிற்பவர்களுக்கே ஆபத்தாகும் தூரம் அது. 1986-இல் ஆண்கள் ஈட்டியின் ஈர்ப்பு மையத்தை 4 சென்டிமீட்டர் முன்னுக்குத் தள்ளினார்கள். கூர்முனை சீக்கிரம் இறங்கும்படி ஆனது. சாதனைக் கணக்கும் புதிதாகத் தொடங்கியது.